டப்பா சொன்னதும் மணி அண்ணன் சொன்னதும்

நம் பட்டறையில் ஒவ்வொரு மெஷினின் இடுப்பிலும் ஒரு பிளாஸ்டிக் சோற்று டப்பா ஒட்டியிருக்கிறதே, அதை யார் வைத்தது என்று உங்களில் ஒருவர் கேட்டாராம். நான்தான் வைத்தேன். பெயர் கமலா. போன வருடம் வரை நீங்கள் இப்போது இருக்கிற பராமரிப்புப் பிரிவில்தான் இருந்தேன். ஓய்வு பெற்று, சிரம்பான் பக்கத்து மம்பாவில் வீட்டோடு இருக்கிறேன். “புதுசா வந்த பிள்ளைங்களுக்கு ஏதாச்சும் எழுதிக் குடுங்கக்கா” என்று ஸ்டோரிலிருந்து போன் செய்தார்கள். மறுக்க மனம் வரவில்லை.

எந்தக் கம்பியை எங்கே சேர்ப்பது என்று எழுதப்போவதில்லை. அதெல்லாம் கைப்பேசியிலேயே பார்த்துக் கற்றுக்கொள்கிறீர்கள், என்னைவிட வேகமாகச் செய்கிறீர்கள். டப்பா ஒன்று சொல்லி, மெஷினில் நிற்கிறவர் வேறொன்று சொன்னால் என்ன செய்வது? அதை யாரும் எனக்குக் காட்டித் தரவில்லை. நானாகத் தடுமாறித்தான் கற்றேன். இரண்டு முறை தவறினேன். இரண்டாவது தவறு ஒரு மனிதரின் உயிரைக் குடித்திருக்கும். அதைத்தான் எழுதப்போகிறேன்.

கோலா சாவா பக்கத்து எஸ்டேட்டில் பிறந்தவள் நான். பள்ளி முடிந்ததும் செனாவாங்கில் ஓர் எலெக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் சேர்ந்தேன். கம்பெனி பஸ் எஸ்டேட் முனைக்கே வந்து ஏற்றிக்கொண்டு போகும். பூதக்கண்ணாடிக்குக் கீழே போர்டை வைத்து, அரிசியைவிடச் சின்னதான பாகங்களுக்கு ஈயம் வைக்கிற வேலை. இருபது வருடத்துக்கு மேல் அதைச் செய்தேன்.

எங்கள் வரிசைக்குத் தலைவியாக இருந்தவர் ஒரு மலாய்க்காரப் பெண். ஏறக்குறைய என் வயதுதான். ஒருமுறை என் கையிலிருந்து போன போர்டு சோதனையில் நின்றுவிட்டது. ஓர் இடத்தில் ஈயம் சரியாக உருகவில்லையோ என்று எனக்கே சந்தேகம் இருந்தது. சொல்ல வெட்கப்பட்டு அனுப்பிவிட்டேன். திட்டப்போகிறார் என்று தலையைக் குனிந்து நின்றேன். அவர் சிவப்பு ஸ்டிக்கர் சுருள் ஒன்றைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார். “தக் பஸ்தி, சாகாப் தக் பஸ்தி” என்றார். நிச்சயமில்லை என்றால் நிச்சயமில்லை என்று சொல், அவ்வளவுதான். அதற்குப் பிறகு சந்தேகமான போர்டு எதுவானாலும் ஸ்டிக்கர் ஒட்டித்தான் அனுப்புவேன். ஒட்டியதற்காக அவர் ஒருநாளும் யாரையும் கடிந்துகொண்டதில்லை. ஒட்டாமல் விட்டவர்களைத்தான் கூப்பிட்டுக் கேட்பார்.

அந்த ஃபேக்டரி வேறு நாட்டுக்குப் போய்விட்டது. எனக்கு நம் பட்டறையில், ஸ்டோரில் சாமான் எடுத்துக் கொடுக்கிற வேலை கிடைத்தது. செம்பனை எண்ணெய் ஆலைகளுக்கு ஷாஃப்ட்டும் பல்சக்கரமும் கடைந்து கொடுக்கிற இடம் என்பது உங்களுக்குத் தெரியும். அப்போது நாற்பது பேர் இருந்தோம். அலுவலகத்தை விட்டால் பட்டறைப் பக்கம் நான் ஒருத்திதான் பெண்.

ஈயம் வைத்துப் பழகிய கை சும்மா இருக்காது. வீட்டில் சமையலறை மேசையில் சின்னச் சின்னதாக ஏதாவது செய்துகொண்டிருப்பேன். தீப்பெட்டி அளவில் போர்டு விற்கிறார்கள், இணையத்தில் வாங்கினால் பார்சல் வீட்டுக்கே வந்துவிடும். அதில் ஒன்றை வைத்துக் கறிவேப்பிலைச் செடிக்குத் தானாகத் தண்ணீர் விடுகிற கருவி செய்திருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள்.

ஒருநாள் பட்டறையில் கம்ப்ரஸர் மோட்டார் கருகிவிட்டது. மூன்று நாள் எல்லா மெஷினும் நின்றன. யாராவது அதன்மேல் கை வைத்துப் பார்த்திருந்தால் சூடு தெரிந்திருக்கும். யாரும் வைக்கவில்லை. எங்கள் முதலாளி, சீனர், மெஷின்களைக் கண்காணிக்கிற கருவி விற்கும் கம்பெனி ஒன்றைக் கூப்பிட்டார். அவர்கள் விலை சொன்னதும் கோப்பை மூடிவிட்டார்.

“பாஸ், கை வைக்கிற வேலையை ஒரு சின்ன போர்டு செய்யும். நான் ஒன்று செய்து பார்க்கவா?” என்று கேட்டேன். அவரோடு மலாயிலும் ஆங்கிலத்திலும் கலந்துதான் பேசுவோம், இங்கே தமிழில் எழுதுகிறேன். “எதையும் ரோசாக் ஆக்கிக் கெடுத்துவிடாதே, அது போதும்” என்றார்.

செடிக்கு வைத்தது போன்ற போர்டு, ஒரு வெப்ப சென்சார், ஓர் அதிர்வு சென்சார். எண்ணெயும் தூசியும் படாமல் இருக்கச் சோற்று டப்பாவுக்குள் வைத்து மூடினேன். ஸ்டோரில் இருந்த பழைய மடிக்கணினியில் கோடு கோடாக அளவு தெரியும். முதல் டப்பாவைப் புதுக் கம்ப்ரஸரில் ஒட்டிய சில வாரங்களில் வெப்பக் கோடு மெல்ல ஏறியது. போய்ப் பார்த்தால் விசிறியின் பெல்ட் தளர்ந்திருந்தது. அரை மணி நேரத்தில் மாற்றினோம். முதலாளி என்னை ஸ்டோரிலிருந்து எடுத்துப் பராமரிப்பில் போட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. எல்லா மெஷினுக்கும் டப்பா செய்ய ஆரம்பித்தேன்.

பெரிய லேத்துக்கு வந்தேன். பெரிய ஷாஃப்ட்டுகளைக் கடைய நம்மிடம் அது ஒன்றுதான் இருக்கிறது. அதை ஓட்டியவர் சுப்ரமணியம், எல்லாருக்கும் மணி அண்ணன். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். அவரை வெளி ஆலைக்காரர்கள்கூட அறிவார்கள். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை மெஷின்மேல் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்பார். கேட்டுவிட்டு, இந்த பேரிங் இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று சொல்வார். சொன்னபடிதான் நடக்கும்.

நான் டப்பாவை ஒட்டுவதைக் கை கட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இது என்னாத்துக்குமா?”

“அதிர்வு ரொம்ப அதிகமானா மெஷினைத் தானா நிறுத்திரும்ணே.”

“யாரக் கேட்டு நிறுத்தும்?”

நான் சிரித்துக்கொண்டே வேலையை முடித்தேன். இதுதான் என் முதல் தவறு.

பத்து நாள் போயிருக்கும். அவர் ஒரு ஷாஃப்ட்டைக் கடைந்துகொண்டிருந்தார், முக்கால் வேலை முடிந்துவிட்டது. திடீரென்று லேத்து நின்றது. பாதி வெட்டில் நின்றதால் வெட்டுகிற டூல் இரும்புக்குள் குத்தி உடைந்தது, ஷாஃப்ட்டில் ஆழமான வடு விழுந்தது. இரண்டு நாள் உழைப்பு வீண். காரணத்தைத் தேடியபோது, பக்கத்துத் தடுப்பில் அந்த நேரம் வெல்டிங் நடந்தது தெரிந்தது. அந்த மின்சார இரைச்சல் என் சென்சார் கம்பியில் ஏறியிருக்கிறது. டப்பா அதை அதிர்வு என்று எடுத்துக்கொண்டது. கம்பிக்கு உறை போட்டிருக்க வேண்டும், நான் போடவில்லை.

எல்லாரும் சுற்றி நின்றார்கள். மணி அண்ணன் உடைந்த டூலைக் கையில் வைத்துக்கொண்டு, “யாரக் கேட்டு நிறுத்துச்சி?” என்று மறுபடியும் கேட்டார்.

கூட்டம் கலைந்ததும் பக்கத்தில் வந்தார். குரல் தணிந்திருந்தது. “கமலா, மெஷினு சரியில்லைன்னா என்னைக் கூப்பிடு. கூவு, மணி அடி, கல்லக்கூட வீசுலா. ஆனா நிறுத்துற கை என்னோடதா இருக்கணும். முதல்ல டூலை வெளிய இழுக்கணும், அப்புறம்தான் நிறுத்தணும். அது ஒன் டப்பாவுக்குத் தெரியாது.”

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. தானாக நிறுத்துகிற இணைப்பை அன்றே வெட்டினேன். இன்றும் நம் டப்பா எதுவும் எந்த மெஷினையும் நிறுத்தாது, சொல்லும், அவ்வளவுதான். ஏன் அப்படி என்று இனி யாரும் உங்களைக் கேட்டால் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

ஆனால் பட்டறையில் என் பெயர் கெட்டுவிட்டது. “அக்கா, இன்னிக்கி டப்பாவுல என்னா கறி?” என்று போகிற வருகிறவர்கள் எல்லாம் கேட்டார்கள். நானும் சிரிப்பேன். ஆனால் உள்ளே வலிக்கும். அந்த வலிதான் அடுத்த தவறுக்கு என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

சில மாதங்கள் கழித்து, பெரிய லேத்தின் அதிர்வுக் கோடு ஏற ஆரம்பித்தது. நான் வைத்திருந்த எல்லையைத் தொட்டதும் மடிக்கணினி ஒலி எழுப்பியது. இந்த முறை கம்பிக்கு உறை போட்டிருந்தேன், வெல்டிங்கும் இல்லை. மணி அண்ணனிடம் போய்ச் சொன்னேன். அவர் ஸ்க்ரூ டிரைவரை ஊன்றிக் காதில் வைத்தார். கண்ணை மூடிக் கேட்டார்.

“ஒன்னும் இல்லமா. நல்லாதான் ஓடுது.”

மணி அண்ணனே சொல்லிவிட்டார். நான் திரும்பிப் போய் எல்லையைக் கொஞ்சம் ஏற்றி வைத்தேன். ஒலி நின்றது. ஒரு வாரத்தில் கோடு அதையும் தொட்டது. சென்சாரையே மாற்றினேன், அப்போதும் அதே அளவுதான். மறுபடியும் போய்க் கேட்டேன், மறுபடியும் “நல்லாதான் ஓடுது” என்றார். மறுபடியும் ஏற்றி வைத்தேன். எல்லையை ஏற்றும்போது என் மனதில் மெஷின் இல்லை. டப்பாவில் என்ன கறி என்கிற சிரிப்புதான் இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் ரந்தாவ் பக்கத்து ஆலை ஒன்றில் பழம் பிழிகிற மெஷினின் ஷாஃப்ட் முறிந்தது. காய்ப்பு உச்சத்தில் இருந்த நேரம். செம்பனைக் குலைகளோடு லாரிகள் ஆலை வாசலில் நின்றன. குலை வெட்டியபிறகு கிடக்கக் கிடக்க எண்ணெயின் தரம் கெட்டுவிடும். புது ஷாஃப்ட்டைப் புதன்கிழமை பகல் இரண்டு மணிக்குத் தருவதாக முதலாளி ஒப்புக்கொண்டார். ஆளுயரத்துக்கும் மேல் நீளமான இரும்பு, பெரிய லேத்தில் ஏற்றினோம். திங்களும் செவ்வாயும் மெதுவான வேகத்தில் சுற்றவைத்து, மேல் இரும்பைக் கழித்தெடுத்தார் மணி அண்ணன். புதன் காலை வேகத்தைக் கூட்டிக் கடைசி மெருகு வெட்டு வெட்ட வேண்டியது மட்டும் மிச்சம்.

செவ்வாய்க்கிழமை டீ நேரத்தில் ஒன்று நடந்தது. மணி அண்ணன் வாசலில் டீயோடு நின்றார். பின்னால் ஃபோர்க்லிஃப்ட் பீப் பீப் என்று கத்திக்கொண்டே பின்வாங்கி வந்தது. அவர் நகரவில்லை. ஓட்டியவர் கடைசி நொடியில் பிரேக் போட்டார். “என்னாண்ணே, கனவா?” என்று எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

புதன் காலை எட்டு மணிக்கு அவர் வேகத்தைக் கூட்டி, வெட்டத் தொடங்கும் முன் சும்மா சுற்றவிட்டார். மடிக்கணினியில் கோடு செங்குத்தாக ஏறியது. நான் இரண்டு முறை ஏற்றி வைத்த எல்லையையும் தாண்டிப் போனது. லேத்துக்கு ஓடினேன். இந்த முறை அவரைக் கேட்கவில்லை. கருவி மேசைமேல் கிடந்த ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, அவர் எப்போதும் வைக்கிற இடத்தில் ஊன்றி என் காதில் வைத்தேன்.

சோற்றில் கல்லைக் கடிப்பது போல நறநறவென்று கேட்டது. எதுவும் தெரியாத எனக்கே அது சரியில்லை என்று புரிந்தது.

“அண்ணே, இது உங்களுக்குக் கேக்கலையா?” என்றேன்.

அவர் ஷாஃப்ட்டைப் பார்த்துக்கொண்டு என் இடதுபக்கம் ஒரு முழத் தொலைவில் நின்றிருந்தார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் கேட்ட கேள்வியே அவருக்குக் கேட்கவில்லை.

அவருடைய தோளைத் தொட்டேன். மெஷினை நிறுத்தும்படி கையால் காட்டினேன். நிறுத்தினார். பட்டறைக்குப் பின்னால் கை கழுவும் தொட்டிப் பக்கம் அழைத்துப் போனேன். அங்கே சத்தம் குறைவு. அவர் முகத்துக்கு நேராக நின்று கேட்டேன்.

“எந்தக் காதுண்ணே?”

“என்னா எந்தக் காது?”

“கேக்காத காது.”

அவர் குழாயைத் திறந்து கை கழுவினார். கையில் அழுக்கே இல்லை. இருந்தும் கழுவிக்கொண்டே இருந்தார். பிறகு குழாயை மூடினார்.

“வலது சுத்தமா இல்ல. இடது பாதி. மூனு வருஷம் இருக்கும். முதல்ல குருவிச் சத்தம் போச்சி. அப்புறம் போனு மணி. மனுசன் பேசுறது வாயப் பாத்தா புரியும், ஒருத்தருக்கும் தெரியல.”

“ஏண்ணே சொல்லல?”

“சொன்னா? லேத்த விட்டு எறக்கி கேட்டுல காவலுக்கு ஜாகாவா உக்கார வைப்பாங்க. ஜாகாவுக்கும் காது வேணுமேலா.” சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

“ஸ்க்ரூ டிரைவர வச்சிக் கேட்டீங்களே, நல்லா ஓடுதுன்னீங்களே.”

“வச்சேன். ஒன்னும் கேக்கல. ஒன்னும் கேக்கலைன்னா நல்லாதானே இருக்குன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்மா.”

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நான் செய்ததும் அதுதானே? “நானும் ஒன்னு சொல்லணும்ணே. டப்பா கத்துச்சி. எல்லாரும் சிரிப்பாங்கன்னு நான்தான் ரெண்டு தடவ எல்லையை ஏத்தி அது வாய அடைச்சேன்.”

அவர் ஈரக் கையைச் சட்டையில் துடைத்தார். “காட்டு, அந்தக் கோட்ட” என்றார்.

ஸ்டோருக்குப் போனோம். அதுவரை அவர் அந்தத் திரையை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தன் சட்டைப் பையிலிருந்த வேலைக் குறிப்புப் புத்தகத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். எந்த நாள் எந்த வேலை, எந்த வேகம் என்று எழுதி வைக்கிற பழக்கம் அவருக்கு உண்டு. கோட்டில் இருந்த ஒவ்வொரு மேட்டையும் விரலால் தொட்டு நேரம் கேட்டார். புத்தகத்தைப் புரட்டினார். கால் மணி நேரத்தில் நிமிர்ந்தார்.

“மெதுவா ஓட்டுன நாளெல்லாம் ஒன்னுமே இல்ல பாரு. வேகம் கூட்டுனா மட்டும் ஏறுது. அதுவும் வாரத்துக்கு வாரம் கூடுது. முன் பேரிங்குமா. போயிருச்சி.”

நான் வாரக்கணக்கில் பார்த்த கோடு அது. எனக்கு அது ஏறுகிறது என்று மட்டும்தான் தெரிந்தது. அது என்ன சொல்கிறது என்பதை அவர் கால் மணி நேரத்தில் படித்துவிட்டார்.

மணி எட்டே முக்கால். இரண்டு மணிக்கு ஆலை லாரி வரும். அவர் மெல்லக் கேட்டார்: “இன்னிக்கி மட்டும் வேகத்தக் கொறச்சி, பாத்து வெட்டி முடிச்சிரலாமா? மெருகு கொஞ்சம் சொரசொரப்பா இருக்கும். நாளைக்கி சாவகாசமா பேரிங்க மாத்திக்கலாம்.”

எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. யாருக்கும் எதுவும் தெரிய வேண்டாம். ஆலைக்கு ஷாஃப்ட் போய்விடும். அவர் காது அவரோடு இருக்கும், என் தவறு என்னோடு இருக்கும். நீங்களும் ஒருநாள் இப்படி ஓர் இடத்தில் நிற்பீர்கள். அப்போது உங்களுக்கு எல்லாக் காரணங்களும் நல்ல காரணங்களாகத்தான் தெரியும்.

“அதுவரைக்கும் தாங்கும்னு நிச்சயமா சொல்ல முடியுமாண்ணே?”

யோசித்தார். “முடியாது.”

“எனக்கும் முடியல.”

“அப்ப போயிச் சொல்லிருவோம்” என்று எழுந்தார்.

வழியிலேயே அவரிடம் சொன்னேன், பேரிங் விஷயத்தை மட்டும் நான் சொல்கிறேன், காதைப் பற்றிப் பேச வேண்டாம், அது உங்கள் சொந்த விஷயம் என்று. அவர் தலையசைத்தார். ஆனால் அறைக்குள் போனதும் என்னை முந்திக்கொண்டார்.

“பாஸ், லேத்தின் முன் பேரிங் போய்விட்டது. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை, ஏனென்றால் எனக்குக் காது கேட்கவில்லை. கமலாவின் டப்பா ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. நான்தான் ஒன்றுமில்லை என்றேன்.”

“எல்லையை ஏற்றியது நான், பாஸ்” என்றேன்.

முதலாளி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது. “இன்றைக்கா? இன்றைக்குத்தான் இதைச் சொல்ல வேண்டுமா? இன்னும் ஒரு நாள் தாங்காதா?”

“தாங்கலாம். தாங்காமலும் போகலாம். மூடியைத் திறந்து பார்க்க அனுமதி கொடுங்கள்” என்றார் மணி அண்ணன்.

திறக்க ஒன்றேகால் மணி நேரம் ஆனது. எண்ணெயை வடித்தபோது அதில் பித்தளைத் துகள் மின்னியது. முதலாளி தானே விரலை விட்டு எடுத்து, வெளிச்சத்தில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார். பேரிங்கின் உருளைகளைப் பிடித்து வைத்திருக்கிற பித்தளை வளையம் இரண்டு இடத்தில் பிளந்து, ஒரு துண்டு தனியாக ஆடிக்கொண்டிருந்தது. வேகமாகச் சுற்றும்போது அந்தத் துண்டு உள்ளே சிக்கினால் அச்சு பூட்டிக்கொள்ளும். அந்த நீளமான ஷாஃப்ட் பிடியிலிருந்து பிய்த்துக்கொண்டு பாயும். அது பாய்கிற இடத்தில்தான் லேத்து ஓட்டுகிறவர் நிற்பார்.

முதலாளி அங்கேயே நின்று ஆலை இன்ஜினியருக்குப் போன் செய்தார். எதிர்முனையில் கத்துவது எங்களுக்கே கேட்டது. முதலாளி பொறுமையாக நின்றார். “கோபப்படுங்கள். ஆனால் இப்போது மணி பத்தரைதான். இரண்டு மணிக்குச் சொல்லியிருந்தால் உங்களால் ஒன்றுமே செய்ய முடியாது. இப்போது முடியும்” என்றார். முடிந்தது. அந்த இன்ஜினியர் வாசலில் நின்ற லாரிகளை மத்தியானத்துக்குள் பக்கத்து ஆலைக்குத் திருப்பிவிட்டார். ஒரு குலைகூட வீணாகவில்லை என்று பிறகு சொன்னார்கள்.

பேரிங் சிரம்பான் கடையில் இருந்தது. மணி அண்ணன் அன்று சாயங்காலத்துக்குள் மாட்டினார். மறுநாள் காலை மெருகு வெட்டை முடித்தார். மடிக்கணினியில் கோடு தரையோடு தரையாகக் கிடந்தது. ஷாஃப்ட் ஏறிய லாரி வாசலைத் தாண்டும்வரை நானும் அவரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அதன் பிறகு வந்த நாட்கள்தான் கஷ்டம். முதலாளி அவரைக் காது பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு சொல்லாமல் மூன்று நாள் இழுத்தார். மணி அண்ணன் தன் கருவிப் பெட்டியைச் சுத்தம் செய்து அடுக்கி வைத்துவிட்டார், எடுத்துக்கொண்டு போவதற்குத் தயாராக. நான்காம் நாள் முதலாளி என்னைக் கூப்பிட்டார். “காதால் கேட்க முடியாததை அவர் கண்ணால் பார்க்கும்படி உன்னால் செய்ய முடியுமா?” என்று கேட்டார்.

லேத்தின் மேல், அவர் பார்வை மட்டத்தில் இருக்கிற பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்கு அப்படித்தான் வந்தது. விளக்கை நான் செய்தேன். எந்த வேகத்தில் எவ்வளவு அதிர்வு சரி, எதற்குமேல் மஞ்சள் என்பதை மூன்று வாரம் உட்கார்ந்து அவர்தான் முடிவு செய்தார். ஒவ்வொரு வேகத்திலும் ஓட்டி, கைப்பிடியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்து, கோட்டைப் பார்த்து, புத்தகத்தில் எழுதினார். நான் முன்பு வைத்த எல்லைகள் எல்லாம் குத்துமதிப்பு. இன்று உங்கள் திரையில் இருக்கிற எண்கள் அவர் எழுதியவை. ஃபோர்க்லிஃப்ட் அந்தப் பக்கம் வராதபடி தரையில் மஞ்சள் கோடு போட்டதும் அந்தச் சமயத்தில்தான்.

நான் எதிர்பார்க்காதது இன்னொன்று நடந்தது. அடுத்த சில நாட்களில், ஒருவர் பின் ஒருவராக, ஆள் இல்லாத நேரம் பார்த்து ஸ்டோருக்கு வந்தார்கள். மில்லிங் மெஷின்காரர், இரும்பு அறுக்கிறவர், பாலிஷ் போடுகிற இரண்டு பேர். “அக்கா, எனக்கும் கொஞ்சம்...” என்று காதைத் தொட்டுக் காட்டினார்கள். அதில் ஒருவர்தான் என் டப்பாவில் என்ன கறி என்று அதிகமாகக் கேட்டவர். முதலாளியிடம் சொன்னேன். எல்லாருக்கும் பரிசோதனை வைத்தார். காது மூடி கொக்கியில் தொங்குகிற பொருளாக இருந்தது போய்த் தலையில் ஏறியது அதற்குப் பிறகுதான். மெஷினைப் பார்த்துக்கொள்ள வைத்த டப்பா அது. மனிதர்களைப் பார்க்கவும் எங்களுக்கு அதுதான் வழி திறந்தது.

உங்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான். திரையில் இருக்கிற எல்லையை ஏற்ற உங்கள் விரல் போகும். சில நேரம் ஏற்றத்தான் வேண்டியிருக்கும். ஆனால் ஏற்றுவதற்கு முன் எழுந்து மெஷினிடம் போங்கள். அதன்மேல் கை வையுங்கள். அதை ஓட்டுகிறவரைத் திரைக்கு முன்னால் கூட்டி வந்து உட்கார வையுங்கள். ஏன் ஏற்றுகிறோம் என்று ஒரு வரி எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். எழுதக் காரணம் கிடைக்கவில்லை என்றால் விரலை எடுத்துவிடுங்கள்.

மணி அண்ணன் அதற்குப் பிறகும் நாலு வருடம் அந்த லேத்தை ஓட்டினார். காதுக்குக் கருவி வாங்கிய மறுவாரத் திங்கட்கிழமை காலை, மெஷின்கள் ஓட ஆரம்பிக்கும் முன் ஸ்டோருக்கு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

“நேத்து ஊட்ல ஒன்னு நடந்துச்சிமா. காலைல பசியாற கூப்பிட்டா ஒங்க அண்ணி. மூனு வருஷமா அவ எனக்காகக் கத்திக் கத்தியே பேசுறா, பாவம், அவளுக்கே அது பழகிப்போச்சி. நான் சொன்னேன், ஏன்டி கத்துற, மெதுவா பேசு, கேக்குதுன்னு.”

“அண்ணி என்ன சொன்னாங்க?”

“கரண்டியோட அப்படியே நாக்காலில உக்காந்துட்டா. கொஞ்ச நேரம் கழிச்சி என் பேர மெதுவா ஒரு தடவ சொல்லிப் பாத்தா. நான் திரும்புனேன்.”